பதினைந்தாம் தேதி சாட்சி

2019 ஜூன் முதல் 2022 மார்ச் வரை கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன் என்று ஒருவர் சொல்கிறார். அந்த நாட்கள் போய்விட்டன. அவர் உட்கார்ந்த நாற்காலியில் இன்று வேறு ஆள். மேனேஜர் மாறிவிட்டார். கம்பெனியே இடம் மாறியிருக்கலாம். அவரைப் புதிதாக எடுக்க நினைக்கும் நிறுவனமோ பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ இருக்கிறது. நடந்து முடிந்த ஒன்றை, அதைக் கண்ணால் பார்க்காத ஒருவர், பார்த்தவர்களின் ஞாபகத்தையும் நம்பாமல் எப்படி உறுதி செய்ய முடியும்?

முடிகிறது. அதுவும் பெரும்பாலும் சில நாட்களிலேயே. பி.ஜி.வி. என்று ஹெச்.ஆர். ஆட்கள் சுருக்கிச் சொல்லும் பின்னணிச் சரிபார்ப்பு, வேலைக்குப் போகிற எல்லோருக்கும் ஒரு வயிற்றுக் கலக்கம். ஆனால் அதன் உள்ளே புகுந்து பார்த்தால் எண் குறியீடு, நிகழ்தகவு, ஒலியியல், கொஞ்சம் சரித்திரம் என்று பல துறைகள் கைகோத்து நிற்கின்றன.

கோயமுத்தூர் காந்திபுரத்துக்கு இது பழக்கமான விஷயம். திருப்பூர், ஈரோடு, கோபி, சத்தியமங்கலம் பக்கமிருந்து காலையில் வந்து இறங்கும் பிள்ளைகளில் ஃபைல் கையோடு வருகிறவர்கள் தனியாகத் தெரிவார்கள். கிராஸ்கட் ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் சென்டர், கன்சல்டன்சி போர்டு. ஜெராக்ஸ் கடையில் "ரெண்டு செட் போடுங்ண்ணா" என்று நீட்டும் கட்டில் என்ன இருக்கும் என்பது கடைக்காரருக்கே மனப்பாடம்: ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட், கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ஆதார், பான். அங்கிருந்து சரவணம்பட்டிக்கோ விளாங்குறிச்சி டைடல் பார்க்குக்கோ பஸ் ஏறுவார்கள்.

அந்தக் கட்டில் இருக்கும் காகிதங்களைச் சரிபார்ப்பவர் எவ்வளவு மதிக்கிறார்? அதிகமில்லை. லெட்டர்ஹெட் அடிப்பது பெரிய வேலையல்ல. ரப்பர் ஸ்டாம்ப் அதைவிடச் சுலபம். "மூணு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்" என்று பேரம் பேசுகிறவர்கள் ஐ.டி. வேலை உள்ள எல்லா நகரத்திலும் உண்டு. 2022 நவம்பரில் அக்செஞ்சர் நிறுவனம், இல்லாத கம்பெனிகளின் பெயரில் ஆவணமும் அனுபவக் கடிதமும் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தவர்களை இந்தியாவில் வெளியேற்றியதாக அறிவித்தது. அங்கே கடிதம் மட்டும் பொய்யல்ல, கடிதம் கொடுத்த கம்பெனியே பொய்.

அதனால்தான் சரிபார்ப்பவர் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை. கம்பெனியைப் பார்க்கிறார்.

இந்தியாவில் பதிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் சி.ஐ.என். என்ற 21 இலக்க அடையாளம் உண்டு. லெட்டர்ஹெட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு ஜாதகம். முதல் எழுத்து, கம்பெனி பங்குச் சந்தையில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். அடுத்த 5 இலக்கங்கள் தொழில் வகை. பிறகு மாநிலத்துக்கு 2 எழுத்து. இங்கே கோவைக்காரர்களுக்கு ஒரு தனிச் சலுகை: சென்னைக் கம்பெனிகளுக்கு 'டி.என்.' என்றிருக்கும் இடத்தில், கோயமுத்தூர் பதிவாளரிடம் பதிவானவற்றுக்கு 'டி.இசட்.' என்று வரும். அதன் பின்னால் வரும் 4 இலக்கங்கள்தான் சுவையானவை. கம்பெனி பதிவான வருஷம் அது. லக்ஷ்மி மெஷின் வொர்க்ஸின் எண்ணில் அந்த இடத்தில் 1962 இருக்கிறது. ஆகவே ஒருவருடைய அனுபவக் கடிதம் 2015-லிருந்து வேலை பார்த்ததாகச் சொல்லி, அதே காகிதத்தின் அடியில் உள்ள எண்ணில் 2019 என்றிருந்தால் போன் போட வேண்டிய அவசியமே இல்லை. பெயரோ சட்ட வடிவமோ இடையில் மாறிய நேர்மையான கம்பெனிகளும் உண்டுதான். அதை விசாரிக்க வேண்டும். ஆனால் விசாரணை எங்கே தொடங்க வேண்டும் என்று காகிதமே காட்டிக்கொடுத்துவிட்டது.

ஜி.எஸ்.டி. எண்ணும் இப்படித்தான். 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான். கடைசி இலக்கம் முன்னால் உள்ளவற்றிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பது. நினைத்த எண்ணை எழுதி வைத்தால் அந்தக் கணக்கு உதைக்கும்.

கம்பெனி உண்டு என்றான பிறகு, அதன் ஹெச்.ஆருக்கு மெயில் போகும். வேலை தேடுபவர் கொடுத்த போன் நம்பருக்கு அல்ல. சரிபார்ப்பவரே தேடிக் கண்டுபிடித்த அலுவலக முகவரிக்கு. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் முழுச் சரிபார்ப்பிலும் மிக முக்கியமான விதி இதுதான்: சாட்சியை வழக்காடுபவர் கூட்டிவரக் கூடாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, எம்ப்ளாயி ஐ.டி., கடைசியாக வாங்கிய சம்பளம், விலகிய காரணம், திரும்ப எடுப்பீர்களா என்று கேள்விகள் போகும். பதில் பெரும்பாலும் தேதியோடும் பதவியோடும் நின்றுவிடும். இந்த வாய்மூடலுக்கு உலகெங்கும் ஒரே காரணம், வம்பு வேண்டாம் என்பது. பிரிட்டனில் 1994-ல் 'ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ்' வழக்கில், முன்னாள் ஊழியரைப் பற்றிக் கவனக்குறைவாகத் தவறான குறிப்பு எழுதி அவருக்கு நஷ்டம் வந்தால், எழுதிய முதலாளி பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்று பிரபுக்கள் சபை சொன்னது. நல்லதாகவும் எழுத வேண்டாம், கெட்டதாகவும் எழுத வேண்டாம், தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போவோம் என்ற பழக்கத்துக்கு இப்படிப்பட்ட தீர்ப்புகள் வலுச் சேர்த்தன.

ஹெச்.ஆர். பதிலே வராவிட்டால்? வந்த பதிலையும் நம்ப முடியாவிட்டால்? அங்கேதான் பி.எஃப். வருகிறது.

1952-ன் வருங்கால வைப்பு நிதிச் சட்டம், 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் தொழிலாளியிடமிருந்து 12 சதவீதம், முதலாளியிடமிருந்து 12 சதவீதம். முதலாளி பங்கில் 8.33 பென்ஷனுக்குப் பிரியும். கட்ட வேண்டிய கெடு, அடுத்த மாதம் 15-ம் தேதி. கட்டும்போது யார் யாருக்கு எவ்வளவு என்ற மின்பட்டியலும் கூடவே போக வேண்டும். இதில் நாம் கவனிக்க வேண்டியது பணத்தையல்ல, நேரத்தை. இன்னார் இந்த மாதம் இந்த நிறுவனத்தில் இருந்தார் என்று, அந்த மாதம் முடிந்து பதினைந்து நாட்களுக்குள், கையைவிட்டுக் காசு கட்டி ஒரு முதலாளி அரசாங்கத்திடம் சொல்கிறார். ஐந்து வருஷம் கழித்து யாரோ வேலை கேட்டுப் போவார் என்பதற்காக அல்ல. சட்டத்துக்குப் பயந்து.

டவுன் பஸ்ஸில் ஏறும் செக்கிங் இன்ஸ்பெக்டர் "எங்கே ஏறினீங்க?" என்று கேட்டு உங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை, டிக்கெட்டைப் பார்க்கிறார். அந்த டிக்கெட் நீங்கள் அடித்ததல்ல. ஏறிய இடத்தில் அப்போதே கண்டக்டர் கொடுத்தது. பி.எஃப். பதிவின் பலமும் அதுதான். வேறொருவர், வேறொரு காரியத்துக்காக, நடந்த கையோடு போட்டுவைத்த தடம். வரலாற்று ஆய்வாளர்கள் அரசர்களின் புகழ்ச்சியைவிடக் கோயில் கல்வெட்டில் உள்ள நெல் கணக்கை அதிகம் நம்புவது இதே காரணத்தால்தான்.

பொய்யாக அனுபவம் காட்ட நினைப்பவருக்கு இதில் என்ன கஷ்டம்? கடிதத்தை இன்று அடித்து 2019 என்று தேதி போடலாம். பி.எஃப். பாஸ்புக்கில் எந்த மாதத்துக்கான பணம் என்பதும், அது எந்தத் தேதியில் வந்தது என்பதும் தனித்தனியாக இருக்கும். 34 மாத அனுபவத்தை இன்று மொத்தமாக உருவாக்கினால் 34 வரிகளும் ஒரே வாரத்துத் தேதியைச் சுமந்து நிற்கும்.

பழைய பி.எஃப். உறுப்பினர் எண்ணும் ஒரு ஜாதகம்தான். மண்டலத்துக்கு 2 எழுத்து, அலுவலகத்துக்கு 3 எழுத்து, நிறுவனத்துக்கு 7 இலக்கம், கிளைக்கு 3, ஆளுக்கு 7. மொத்தம் 22. கோவை எண்கள் 'சி.பி., சி.பி.இ.' என்று தொடங்கும். அவற்றுக்கான அலுவலகம் டாக்டர் பாலசுந்தரம் ரோட்டில் உள்ள பவிஷ்யநிதி பவன். சென்னைக்கான எழுத்துகள் இன்னமும் 'எம்.ஏ.எஸ்.', அதாவது மெட்ராஸ். ஊர் பெயர் மாறிச் சுமார் முப்பது வருஷம் ஆகிறது, பி.எஃப். ஆபீஸுக்கு அவசரமில்லை.

இந்த முறையில் ஒரு சிக்கல் இருந்தது. வேலை மாறினால் புது எண். நான்கு கம்பெனி பார்த்தவருக்கு நான்கு எண்கள், ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாமல். 2014 அக்டோபரில் யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் வந்த பிறகு, ஆளுக்கு ஒரே எண் என்றாகி, கம்பெனிகள் எல்லாம் அதன் கீழே வரிசையாக வந்து உட்கார்ந்தன. 'சர்வீஸ் ஹிஸ்டரி' என்று பி.எஃப். இணையதளத்தில் ஒரு பக்கம் உண்டு. சேர்ந்த தேதி, விலகிய தேதி, நிறுவனம். வேலை தேடுபவர் தன் ரெஸ்யூமில் அழகுபடுத்தி எழுதுவதை இந்தப் பக்கம் எந்த அழகுமில்லாமல் எழுதி வைத்திருக்கும். இரண்டு கம்பெனி தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அதுவும் தெரியும். 2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரைக் கண்டுபிடித்ததாகச் சொன்னபோது, ஐ.டி. ஆட்கள் பலரும் முதலில் தங்கள் பி.எஃப். பக்கத்தைத்தான் திறந்து பார்த்திருப்பார்கள்.

பி.எஃப். மட்டும் சாட்சியல்ல. சம்பளத்தில் பிடித்த வருமான வரி, பிடித்தவரின் டான் எண்ணோடு படிவம் 26ஏ.எஸ்-ல் ஏறுகிறது. சம்பளம் பேங்கில் வரவாகிறது. குறைந்த சம்பளக்காரருக்கு இ.எஸ்.ஐ. இருக்கும்; தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 1955-ல் முதலில் தொடங்கியதே கோவையில்தான், மில் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் என்பதால். இந்த நான்கும் நான்கு தனி இடங்களில் ஏறும் பதிவுகள். ஒன்று இன்னொன்றைக் கேட்டு எழுதுவதில்லை. சாட்சிகள் தனித்தனியாக இருக்கும்போது பொய்யின் செலவு கூடுவதில்லை, பெருகுகிறது. ஒரு சாட்சியை ஏமாற்ற பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், நான்கையும் சேர்த்து ஏமாற்றப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு. நான்கு சாட்சிகளும் ஒரே ஆள் சொல்லித் தந்ததைச் சொல்பவர்களாக இருந்தால் நாற்பது பேர் வந்தாலும் பத்தில் ஒன்றுதான். கடிதம், பே ஸ்லிப், ஐ.டி. கார்டு மூன்றும் அந்த வகை. ஒரே பிரிண்டரின் பிள்ளைகள்.

இதுவரை எல்லாம் மிடுக்காகத்தான் போகிறது. தடுக்கி விழும் இடம் பெயர்.

பழனிசாமி என்று ஒருவர். கொங்கு நாட்டில் இந்தப் பெயரைக் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தமிழில் பெரும்பாலும் ஒரே விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால் 'ழ'தான் முதல் தகராறு. ஒருவர் 'எல்' போடுவார். இன்னொருவர் 'இசட்-எச்' போடுவார். சாமியில் 'டபிள்யூ' நுழையும், நுழையாது. கடைசியில் 'ஒய்' வரும், அல்லது 'ஐ'. பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பழைய கம்பெனி கொடுத்த பட்டியலில் வேறு விதம்.

இதற்குக் கணினிக்காரர்களிடம் இரண்டு பழைய மருந்துகள் உண்டு. ஒன்று சவுண்டெக்ஸ். அமெரிக்காவில் 1918-ல் ராபர்ட் ரஸல் காப்புரிமை பெற்ற முறை. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒலி நெருங்கிய மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் கொடுக்கும். 'எல்'லுக்கு 4. 'எஸ்', 'இசட்', 'கே', 'ஜி' எல்லாம் 2. 'எம்', 'என்' இரண்டும் 5. இதன்படி 'எல்' போட்ட பழனிசாமிக்கு 'பி'யுடன் 452 வரும். சாமியில் 'டபிள்யூ' இருந்தாலும் அதே 452. அருமை என்று நினைக்கும்போதே 'இசட்-எச்' போட்ட பழனிசாமி வந்து நிற்கிறார்: 252. ஆங்கிலம் பேசும் காதுக்காகச் செய்த சல்லடை அது. அதில் 'ழ'வுக்கு இடமே இல்லை. முதல் எழுத்தை மாற்றாமல் வைப்பதும் நமக்கு வினை. கௌரியை 'ஜி'யில் தொடங்குகிறவர்களும் 'கே'யில் தொடங்குகிறவர்களும் உண்டு. சவுண்டெக்ஸுக்கு அவர்கள் இரண்டு பேர்.

இன்னொன்று, 1965-ல் சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டீன் சொன்ன தூரம். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. 'எல்'லை 'இசட்' ஆக்கி ஓர் 'எச்' சேர்த்தால் மேலே சொன்ன இரண்டு பழனிசாமியும் ஒன்று, தூரம் 2. இது பரவாயில்லை. ஆனால் ஆங்கிலத்தில் ரமேஷுக்கும் ராஜேஷுக்கும் தூரம் 1-தான். இரண்டு எழுத்து வரை மன்னிப்போம் என்று விதி வைத்தால் பழனிசாமி தப்பிப்பார். ராஜேஷின் வேலையில் ரமேஷ் வந்து உட்கார்ந்துகொள்வார்.

இனிஷியல் கதையே தனி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; அப்பா பெயரின் முதலெழுத்துதான். அது சில தாளில் பெயருக்கு முன்னால், சில தாளில் பின்னால், சிலவற்றில் விரித்து அப்பாவின் முழுப் பெயராக. வடநாட்டுப் படிவம் 'கடைசிப் பெயர்' கேட்டால் அப்பாவே மகளின் குடும்பப் பெயராகிவிடுகிறார். பெண்களுக்கு இன்னும் ஒரு படி அதிகம். முதல் வேலையில் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த வேலையில் வீட்டுக்காரரின் இனிஷியல். ஒரே பெண்ணின் ஏழு வருஷ அனுபவம் இரண்டு பெண்களுக்குப் பங்கு பிரிந்துவிடும். ரிப்போர்ட்டில் 'டிஸ்கிரிபன்சி' என்று மஞ்சள் நிறத்தில் வரும். ஏமாற்று ஏதுமில்லை, நாம் பெயர் வைக்கும் முறை அந்த மென்பொருள் எழுதியவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

பெயரையே நம்ப வேண்டாம், விரலை நம்புவோம் என்று யோசித்தவர்களும் உண்டு. ஐ.டி. கம்பெனிகளின் சங்கமான நாஸ்காம் 2006-ல் தொடங்கிவைத்த நேஷனல் ஸ்கில்ஸ் ரெஜிஸ்ட்ரி, ஐ.டி. ஊழியர்களின் படிப்பு, அனுபவ விவரங்களைக் கைரேகையோடு இணைத்துப் பதிந்தது. ஆதாரை இணைத்த பிறகு யு.ஏ.என். எண்ணும் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

எல்லாத் தடமும் பார்த்தாகிவிட்டது, பெயரையும் பொருத்தியாகிவிட்டது, இருந்தும் சிவப்பு அடையாளம் விழுந்துவிட்டது என்று வையுங்கள். அந்த ஆள் பொய் சொன்னவரா? இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எண்கள் கற்பனை, கணக்கு கற்பனையல்ல. வேலைக்கு வந்த 1,000 பேரில் 40 பேர் பொய் அனுபவம் காட்டியவர்கள். சரிபார்ப்பு முறை நல்ல முறை: பொய்யர்களில் 90 சதவீதத்தைப் பிடித்துவிடும், நேர்மையானவர்களில் 5 சதவீதத்தை மட்டும் தவறாகச் சந்தேகிக்கும். பிடிபட்ட பொய்யர்கள் 36 பேர். மிச்சமுள்ள 960 நேர்மையானவர்களில் 5 சதவீதம், 48 பேர். ஆக மொத்தம் 84 பேருக்குச் சிவப்பு. அதில் பாதிக்கு மேல் உண்மை சொன்னவர்கள்!

படிக்கிறவர்கள் பலர் இதை முதலில் நம்ப மாட்டார்கள். பேயஸ் தேற்றம் என்று கல்லூரியில் படித்தது இதுதான். நேர்மையானவர்கள் கூட்டம் மிகப் பெரியது என்பதால், அதில் விழும் சின்னத் தவறுகூடத் தலைக்கணக்கில் பெரிதாகிவிடுகிறது. சிவப்பு என்பது விசாரணையின் தொடக்கம், தீர்ப்பு அல்ல. இதை அறிந்த ஹெச்.ஆர். ஒரு போன் போட்டு "இது என்னங்க, கொஞ்சம் விளக்குங்க" என்று கேட்பார். அறியாதவர் ஆஃபரைத் திரும்பப் பெறுவார். இரண்டாவது வகையினர் குறைவில்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

தவறாகச் சந்தேகிக்கப்படுகிறவர் யார் என்றும் பார்க்க வேண்டும். காந்திபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆவாரம்பாளையமும் கணபதியும். பம்ப் செட்டுக்கும் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் உதிரி செய்து தரும் பட்டறைகள். நான்கு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஆறு பேர். ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்வார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கையில் சம்பளம். ஆறு பேர் என்றால் பி.எஃப். சட்டம் பொருந்தாது, பத்துப் பேருக்குக் கீழே என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது. வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் இல்லை. பத்து வருஷம் அங்கே மெஷின் ஓட்டி, நூலிழை தப்பாமல் ஷாஃப்ட் கடையத் தெரிந்தவர், பெரிய கம்பெனிக்கு விண்ணப்பித்தால் அவருடைய பத்து வருஷத்துக்குத் தடமே இல்லை. ரிப்போர்ட் அவரைப் பொய்யர் என்று சொல்லாது. 'அன்ஏபிள் டு வெரிஃபை' என்று மரியாதையாக எழுதும். பலன் ஒன்றுதான்.

கான்ட்ராக்டில் வேலை பார்த்தவருக்கு வேறு விதத் தொல்லை. தினமும் போனது பெரிய தொழிற்சாலையின் கேட்டுக்குள். போட்டது அந்தக் கம்பெனி யூனிஃபார்ம். பி.எஃப். கட்டியதோ ஆள் சப்ளை செய்த ஏஜென்சி. ரெஸ்யூமில் தொழிற்சாலை பெயர் எழுதினால் பொய் என்றாகும். ஏஜென்சி பெயர் எழுதினால் என்ன வேலை செய்தார் என்பது யாருக்கும் புரியாது. எதிர்ப்பக்கமும் உண்டு. பெரிய நிறுவனங்கள் சிலவற்றுக்குச் சொந்த பி.எஃப். டிரஸ்ட் இருக்கிறது, அவர்களுடைய ஊழியரின் பாஸ்புக் அரசுத் தளத்தில் வராது. இதுவரை பி.எஃப். உறுப்பினராகாமல் ரூ.15,000-க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தவரைத் திட்டத்தில் சேர்க்காமலும் விடலாம். ஆக, இந்த ஏற்பாடு அளப்பது உழைப்பை அல்ல, உழைப்பு விட்டுச் சென்ற காசுத் தடத்தை. இரண்டும் ஒன்றென்று மயங்குவதில்தான் அநியாயம் தொடங்குகிறது.

தடம் இல்லாமல் போவது ஒரு துன்பம் என்றால், தடம் இன்னொருவர் கையில் சிக்கிக்கொள்வது அதைவிடப் பெரிய துன்பம். தமிழர்களுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. கங்காணியின் கீழ் வேலை செய்யும் கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய துரை ஒரு துண்டுச் சீட்டு தர வேண்டும். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன். அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் ஆட்களின் தலையில் இடம் மாறும், ஏறும். முன்பு வேலை பார்த்ததற்கான அத்தாட்சியே விலங்காக இருந்தது. 1921-ல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். பிரான்சிலும் 1803-லிருந்து தொழிலாளிக்கு ஒரு கைப்புத்தகம் இருந்தது. வேலையில் இருக்கும்வரை அது முதலாளியின் மேசை டிராயரில் இருக்கும். அது முற்றாகப் போக 1890 ஆயிற்று.

இன்று ரிலீவிங் லெட்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு "நோட்டீஸ் பீரியட் காசைக் கட்டிட்டு வாங்கிக்கோ" என்று சொல்லும் கம்பெனிக்கும் அந்தத் துரைக்கும் குணத்தில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் தொழிலாளியின் கையில் இருக்கிறது. மாதா மாதம் பதினைந்தாம் தேதி விழுந்த பதிவை எந்த மேனேஜரும் டிராயரில் பூட்ட முடியாது. அதைத் திறக்கும் பாஸ்வேர்டு தொழிலாளியிடம். இப்படி எல்லா நாட்டிலும் இல்லை. அமெரிக்காவில் 'தி வொர்க் நம்பர்' என்ற தரவுத்தளத்துக்குக் கம்பெனிகள் சம்பள விவரங்களை நேராக அனுப்புகின்றன. 2007-லிருந்து அதன் சொந்தக்காரர், கடன் தகுதி மதிப்பிடும் ஈக்விஃபாக்ஸ் என்ற தனியார் நிறுவனம். சரிபார்ப்பு அங்கே நிமிஷத்தில் முடியும். தன் சம்பளக் கதை எங்கே கிடக்கிறது என்பதே அறியாத தொழிலாளி எத்தனையோ பேர்.

கோவையில் 1888-ல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில்லும், பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ் மில்களும் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கையில் இருந்து, 2020 ஊரடங்கில் நின்று போயின. சங்கு ஊதவில்லை. நேரக் காப்பாளர் அறையில் போய் "இவர் இங்கே வேலை பார்த்தாரா?" என்று கேட்க இன்று ஆளில்லை. ஆனால் அங்கே வேலை செய்தவர்களுக்குக் கட்டிய பி.எஃப். கணக்கு மில்லோடு சேர்ந்து நின்றுவிடவில்லை. நிறுவனம் மூடினாலும் தடம் நிற்கும் என்பதற்கு இந்த ஊரிலேயே இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

வேலை மாறும் யோசனையில் இருப்பவர்கள் இண்டர்வியூவுக்கு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. யு.ஏ.என். தளத்தில் நுழைந்து சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். பெயரின் எழுத்து, அப்பா பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பிசகு இருந்தால் ஜாயிண்ட் டிக்ளரேஷன் கொடுத்துத் திருத்தலாம். சரிபார்க்கும் ஏஜென்சி உங்கள் ஓ.டி.பி. கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தை நீங்களே இறக்கி அனுப்பினால் போதும். கான்ட்ராக்டில் இருந்திருந்தால் ரெஸ்யூமிலேயே ஏஜென்சி பெயரையும் தொழிற்சாலை பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள் சம்பளத்தைப் பேங்கிலோ ஜி-பேயிலோ போடச் சொல்லிக் கேளுங்கள். மாதா மாதம் வரும் அந்த வரவும் ஒரு சாட்சி. பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் போடாமல் இழுத்தடித்தால் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம். கடைசி பி.எஃப். பணம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டால், ஆதாரோடு இணைந்த போன் கையில் இருந்தால், அந்தத் தேதியை நீங்களே போட்டுக்கொள்ளலாம். 2020 ஜனவரியிலிருந்து அதற்கு முதலாளியின் கையெழுத்து தேவையில்லை.